எடை எந்திரம் காட்டாத மாற்றங்கள்

பதின்பருவத்தில் உடல் பருத்துவிட்ட பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி பரிந்துரைக்கப்படும்போது பெற்றோரும் ஆசிரியரும் பெரும்பாலும் ஒன்றைத்தான் எதிர்பார்க்கிறார்கள்: மாதம் திரும்புவதற்குள் எடை குறைந்தாக வேண்டும். இரண்டு மாதம் ஓடியும் ஆடியும் எடை எந்திரம் பழைய எண்ணையே காட்டினால், பிள்ளை ஏமாற்றுகிறது என்றோ பயிற்சியால் பயனில்லை என்றோ முடிவு கட்டப்பட்டு, ஆசையாக வாங்கிய விளையாட்டுக் காலணி மூலைக்குப் போய்விடுகிறது. உணவில் மாற்றமின்றிச் செய்யப்படும் பயிற்சி பதின்பருவத்தினரின் எடையைக் குறைக்கும் அளவு சொற்பமே என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன; எடை அசையாத அதே மாதங்களில் கல்லீரலிலும் தசையிலும் மனநிலையிலும் கணிசமான மாற்றங்கள் நிகழ்கின்றன என்பதையும் அதே ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே பயிற்சியின் பலனை எதைக் கொண்டு அளப்பது, பருத்த உடலுள்ள பிள்ளைக்கு எந்த வகைப் பயிற்சியைத் தருவது என்னும் இரண்டு கேள்விகளையும் புதிதாகவே அணுக வேண்டியுள்ளது.

உடற்பருமன் என்பது பார்வைக்குக் குண்டாகத் தெரிவதைக் குறிக்கும் சொல் அன்று. உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும் அளவுக்குக் கொழுப்பு சேர்ந்த நிலையை மருத்துவம் அவ்வாறு அழைக்கிறது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் எடைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ. வளர்ந்தவர்களுக்கு ஒரே எல்லைக்கோட்டை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கும் பதினேழு வயது இளைஞனுக்கும் ஒரே எண் ஒரே பொருளைத் தராது என்பதால், வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில் அந்த எண்ணைப் பொருத்திப் பார்க்கவேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வரைபடங்களில், வளர்ந்த இந்தியருக்குரிய 23, 27 ஆகிய அளவுகளுக்கு இணையான கோடுகள் முறையே அதிக எடையையும் உடற்பருமனையும் குறிக்கின்றன. வீட்டிலேயே செய்துபார்க்கத்தக்க எளிய சோதனை ஒன்றும் உண்டு: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

உலகில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களுள் ஏறத்தாழ 16 கோடிப் பேர் 2022இல் உடற்பருமனுடன் இருந்ததாகவும், இந்தியாவில் மட்டும் அந்த எண்ணிக்கை 1 கோடியே 25 லட்சம் என்றும் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான பன்னாட்டுக் கணக்கீடு கூறுகிறது. 1990இல் இந்தியாவின் எண்ணிக்கை 4 லட்சம் அளவிலேயே இருந்தது. இதில் தெற்காசியருக்குரிய தனிச்சிக்கல் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. ஒரே பி.எம்.ஐ. கொண்ட ஐரோப்பியரையும் இந்தியரையும் ஒப்பிட்டால், இந்தியருக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும், அதிலும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சூழ்ந்து சேரும் கொழுப்பு மிகுதியாகவும் இருப்பது பல ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது. தோலுக்கடியில் சேரும் கொழுப்பைவிட இந்த உள்வயிற்றுக் கொழுப்பே நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் நெருங்கிய உறவினர்.

பூப்பெய்தும் பருவம் இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்பும் இயக்குநீரான இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் திறன், எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்பருவத்தில் இயல்பாகவே சற்றுக் குறைகிறது. ஒல்லியான பிள்ளையின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து அதைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே கொழுப்பு மிகுந்த உடலில் இந்தக் குறைவும் சேரும்போது இன்சுலின் அளவு மிக உயர்கிறது. அதன் வெளி அடையாளமாகக் கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்து, வெல்வெட் துணியைத் தொடுவதுபோல ஆகின்றன. பல வீடுகளில் இந்தக் கறுப்பை அழுக்கு என்று எண்ணி, பீர்க்கங்கூட்டையும் சோப்பையும் கொண்டு பிள்ளையின் கழுத்தைத் தோல் சிவக்கத் தேய்க்கிறார்கள். தேய்த்தால் போகாத அந்த நிறம், கணையம் அளவுக்கு மீறி உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கான அறிவிப்பாகும். பெண்பிள்ளைகளிடம் மாதவிலக்கு ஒழுங்கின்மையோடும் முகப்பருவோடும் சேர்ந்து வரும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் இதே உயர் இன்சுலின் ஒரு முக்கியக் காரணம்.

எடை ஏன் எளிதில் இறங்குவதில்லை என்பதைச் சாதாரணக் கணக்கே விளக்கிவிடும். எண்பது கிலோ எடையுள்ள மாணவன் ஒருவன் ஒரு மணிநேரம் நடந்தால் செலவாகும் ஆற்றல் சுமார் 280 கலோரி. வீடு திரும்பும் வழியில் தின்னும் ஒரே ஒரு பரோட்டா, சால்னா இல்லாமலேயே, ஏறத்தாழ அவ்வளவையும் திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் அடங்கிய ஆற்றல் சுமார் 7,700 கலோரி. மேலும், மாலையில் கடுமையாகப் பயிற்சி செய்த பிள்ளை மீதி நேரம் முழுவதும் படுக்கையில் சாய்ந்து கைப்பேசியைப் பார்ப்பதும், வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாக உண்பதும் இயல்பு. உடல் தன் இருப்பைக் காத்துக்கொள்ளும் விதம் அது. இவற்றோடு, பதின்பருவத்தினர் உயரமும் தசையும் வளர்ந்துகொண்டிருப்பவர்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். உயரம் கூடும் வயதில் எடை அப்படியே நின்றாலே குறியீடு குறைகிறது. ஆதலால் வளரும் பிள்ளைக்கு எடை கூடாமல் இருப்பதே பல வேளைகளில் வெற்றியாகும்.

உடலுக்குள் நிகழ்வது வேறு கதை. இயங்கும் தசை, இன்சுலினின் உதவியில்லாமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் ஆற்றல் பெற்றது. தசைநாரின் உட்புறம் ஒதுங்கிக் கிடக்கும் சர்க்கரைக் கடத்திப் புரதங்கள், தசை சுருங்கும்போது அதன் மேற்பரப்புக்கு வந்து வாயில் திறக்கின்றன. பயிற்சி முடிந்த பின்னரும் பல மணிநேரம் இன்சுலினுக்குத் தசை செவிசாய்க்கும் திறன் உயர்ந்தே இருக்கிறது. தொடர்ந்து பல வாரம் செய்யும் பயிற்சியால் கல்லீரலில் படிந்த கொழுப்பும் குறைகிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் சோஜங் லீயும் அவருடைய குழுவினரும் உடற்பருமனுள்ள 45 பதின்பருவ ஆண்பிள்ளைகளை வைத்து நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. உணவைக் குறைக்காமல், வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணிநேரம் என மூன்று மாதம் பயிற்சி தரப்பட்டது. ஒரு பிரிவினர் ஓட்டம், மிதிவண்டி போன்றவற்றையும், மற்றொரு பிரிவினர் எடைப் பயிற்சியையும் செய்தனர். மூன்றாம் பிரிவினருக்குப் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாதவர்களின் எடை அந்த மூன்று மாதத்தில் மேலும் கூடியது. பயிற்சி செய்த இரு பிரிவினருக்கும் எடை ஏறவில்லை, உள்வயிற்றுக் கொழுப்பும் கல்லீரல் கொழுப்பும் குறைந்தன. இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் திறன், பயிற்சி இல்லாதவர்களோடு ஒப்பிடுகையில், எடைப் பயிற்சி செய்தவர்களிடம் 27 விழுக்காடு உயர்ந்தது. வெறும் எடை எந்திரத்தை மட்டும் பார்த்திருந்தால், இந்தப் பிள்ளைகள் மூன்று மாதத்தை வீணடித்ததாகவே தோன்றியிருக்கும்.

அதே குழு பின்னர் பெண்பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் முடிவு வேறாக வந்தது. அவர்களிடம் உள்வயிற்றுக் கொழுப்பையும் கல்லீரல் கொழுப்பையும் குறைத்தது ஓட்டமும் நடையும் சார்ந்த பயிற்சியே. எல்லாருக்கும் ஒரே மருந்து என்று எழுதித் தர முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரு வகைப் பயிற்சிகளையும் இங்கே விளக்கிவிடுவது நலம். மூச்சும் இதயத் துடிப்பும் விரைவுபட, பெருந்தசைகளைத் தொடர்ந்து பல நிமிடம் இயக்குவது ஏரோபிக் பயிற்சி; விரைநடை, ஓட்டம், நீச்சல், மிதிவண்டி, நடனம் ஆகியன இதில் அடங்கும். ஏதேனும் ஓர் எதிர்விசையைத் தள்ளியோ தூக்கியோ தசைக்கு வலுவேற்றுவது வலுவூட்டும் பயிற்சி. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, டம்பெல், ரப்பர் பட்டை எல்லாம் இந்த இனம். இவ்விரண்டையும் முறையாக ஒப்பிட்ட பெரிய ஆய்வு, கனடாவின் ஒட்டாவா, காத்தினோ பகுதிகளில் நடந்து 2014இல் வெளியான 'ஹார்ட்டி' ஆய்வு. ரொனால்ட் சிகல் தலைமையில் நடந்த அந்த ஆய்வில் 14 முதல் 18 வயது வரையிலான 304 பேர் நான்கு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, அனைவருக்கும் உணவு ஆலோசனை வழங்கப்பட்டது. மூன்று பிரிவினர் 22 வாரங்கள், வாரம் நான்கு முறை, முறையே ஏரோபிக், வலுவூட்டும் பயிற்சி, இரண்டும் சேர்ந்தது எனப் பயிற்சி செய்தனர். உடற்கொழுப்பின் விழுக்காடு உணவு ஆலோசனை மட்டும் பெற்றவர்களிடம் 0.3 புள்ளியும், ஏரோபிக் பிரிவில் 1.1 புள்ளியும், வலுவூட்டும் பிரிவில் 1.6 புள்ளியும், இரண்டையும் செய்தவர்களிடம் 1.4 புள்ளியும் குறைந்தன. இவை பெரிய எண்கள் அல்ல என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயினும் இரண்டையும் செய்தவர்களின் இடுப்புச் சுற்றளவு சுமார் 4 சென்டிமீட்டர் இறங்கியது; உணவு ஆலோசனை மட்டும் பெற்றவர்களிடம் அது அசையவே இல்லை எனலாம்.

அந்த ஆய்வில் உற்றுநோக்கத்தக்க செய்தி வேறொன்று. ஆர்வமுள்ளவர்கள்தாம் என்று நான்கு வாரம் சோதித்துப் பார்த்த பிறகே சேர்த்துக்கொள்ளப்பட்ட இப்பிள்ளைகள்கூட, குறித்த வகுப்புகளில் சராசரியாகப் பத்தில் ஆறுக்கு மட்டுமே வந்தனர். பத்தில் ஏழுக்கும் அதற்கு மேலும் வந்தவர்களை மட்டும் தனியே கணக்கிட்டபோது, இரு வகைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்கள் ஏரோபிக் மட்டும் செய்தவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தனர். எந்தப் பயிற்சி சிறந்தது என்பதைவிட எந்தப் பயிற்சிக்குப் பிள்ளை மறுநாளும் வருகிறது என்பதே பெரிய கேள்வியாக மிஞ்சுகிறது.

இங்கேதான் வலுவூட்டும் பயிற்சிக்குத் தமிழ்ச் சூழலில் கிடைக்கும் இடம் போதாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பருத்த உடலுள்ள மாணவனை மைதானத்தில் மற்றவர்களோடு ஓடவிட்டால் கடைசியில் வருவான். மூச்சிரைக்கும், தொடைகள் உரசிப் புண்ணாகும், வகுப்பே பார்த்துச் சிரிக்கும். அவனுடைய உடல் ஒவ்வோர் அடியிலும் கூடுதல் சுமையைத் தூக்கிச் செல்வதே அதற்குக் காரணம். ஆனால் அதே சுமையை ஆண்டுக்கணக்கில் சுமந்ததால் அவனுடைய கால்களிலும் முதுகிலும் தசை நிறைந்திருக்கும். எடை தூக்கச் சொன்னால் வகுப்பிலேயே முதல் ஆளாக நிற்பவன் பெரும்பாலும் அவனாகத்தான் இருப்பான். உடல் பருத்த பிள்ளை தன் உடலால் ஒன்றில் வெல்ல முடியும் என்பதைக் காணும் அரிய வாய்ப்பு இது. எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும், உயரம் குறையும் என்ற பரவலான அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் தெளிவாக்கியிருக்கிறது; சரியான முறை தெரிந்தவரின் மேற்பார்வையும், சிறு எடையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றும் பொறுமையும் இருந்தால் போதும். உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கட்டணம் கட்ட முடியாத வீட்டில், சுவரில் கையூன்றிச் செய்யும் தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பஸ்கி, தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்கள் ஆகியவற்றைக் கொண்டே தொடங்கிவிடலாம்.

நல்வாழ்வு என்னும் மறுபக்கத்துக்கு வந்தால், எண்களைவிட அனுபவம் முந்திக்கொள்கிறது. உடற்பருமனுள்ள பதின்பருவத்தினரிடம் மனச்சோர்வும் தன்மதிப்புக் குறைவும் கூடுதலாகக் காணப்படுகின்றன. அதற்குக் கொழுப்பைவிடக் கேலியின் பங்கே பெரிது. 'குண்டூஸ்' என்றும் 'பூசணி' என்றும் வகுப்பறையிலும், உறவினர் திருமணங்களிலும், சில சமயம் சொந்த வீட்டுச் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் வீசப்படும் சொற்கள் யாரையும் இளைக்க வைத்ததில்லை. கேலிக்கு ஆளான பிள்ளைகள் விளையாட்டைத் தவிர்ப்பதும், மறைவாக மிகுதியாக உண்பதுமே ஆய்வுகளில் காணப்படுகின்றன. முறையான பயிற்சியோ இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஹார்ட்டி ஆய்வில் பங்கேற்றவர்களிடம் மனநிலை, தன் உடலைப் பற்றிய எண்ணம், தன் வலிமையின்மீது நம்பிக்கை ஆகியன மேம்பட்டதை ஆய்வாளர்கள் தனியே பதிவு செய்தனர். தூக்கம் ஆழமாவதும் இதனோடு சேரும். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணிநேரத் தூக்கம் தேவை, அது குறைந்தால் மறுநாள் பசி கூடும்.

நல்ல நோக்கமும் கெட்ட முறையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூர் ஒரு பாடம். அந்நாட்டுப் பள்ளிகளில் 1992இல் தொடங்கப்பட்ட 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தில், அதிக எடையுள்ள மாணவர்கள் தனியே பிரிக்கப்பட்டு, மற்றவர்கள் விளையாடும் இடைவேளையிலும் பள்ளி முடிந்த பின்னரும் கூடுதல் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். எண்ணிக்கையில் பார்த்தால் திட்டம் பலன் தந்தது. பருத்த மாணவர்களின் விழுக்காடு குறைந்தது. ஆனால் பிரித்து நிறுத்தப்பட்ட பிள்ளைகள் சக மாணவர்களின் கேலிக்கு ஆளானதோடு, பெற்றோரின் எதிர்ப்பும் வலுத்து, 2007இல் திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவர்களின் முழு நலத்தையும் நோக்கிய வேறொரு முறை கொண்டுவரப்பட்டது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தனியே பிரிக்கும் திட்டம் இல்லை. ஆனால் உடற்பயிற்சியைத் தண்டனையாக்கும் பழக்கம் உண்டு. வீட்டுப்பாடம் செய்யாதவனுக்கு மைதானத்தைச் சுற்றிப் பத்து ஓட்டம், தாமதமாக வந்தவளுக்குத் தோப்புக்கரணம். ஓட்டமும் பஸ்கியும் அவமானத்தோடு முடிச்சுப் போடப்பட்டுவிட்ட மனத்திடம், பதினைந்து வயதில் அவற்றை நலத்துக்கான வழி என்று சொன்னால் எடுபடுமா என்பதை ஆசிரியர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

எவ்வளவு செய்வது என்பதற்கு உலக நலவாழ்வு அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் விடை தருகிறது: 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான இயக்கத்தில் ஈடுபடவேண்டும், வாரத்தில் குறைந்தது மூன்று நாள் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் இயக்கம் இருக்கவேண்டும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான இயக்கம். 2016ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி, 11 முதல் 17 வயதினருள் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. பெண்பிள்ளைகளின் நிலை ஆண்பிள்ளைகளினும் பின்தங்கியது. அசைவே இல்லாதிருந்த பிள்ளை முதல் நாளே 60 நிமிடத்தைத் தொடவேண்டியதில்லை. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துச் செய்து, வாரந்தோறும் சிறிது கூட்டினால் போதும்.

பூப்பெய்திய பின் தெருவில் விளையாட அனுமதி மறுக்கப்படும் பெண்பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயே செய்யத்தக்கது தேவைப்படுகிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர், இதைக் கருத்திற்கொண்டே, பதின்பருவப் பெண்களுக்காகக் கடும் இயக்கத்தையும் நடனத்தையும் இணைத்து 'தாண்டவ்' என்னும் பத்து நிமிடப் பயிற்சியை வடிவமைத்துச் சோதித்துள்ளனர். பாட்டைப் போட்டுவிட்டு ஆடச் சொன்னால் மறுக்கும் பதின்பருவப் பெண்கள் குறைவு என்பதை இந்த ஆய்வாளர்கள் சரியாகவே கணித்திருக்கிறார்கள்.

உணவுக் கட்டுப்பாட்டின் தேவையை இவை எதுவும் இல்லாமல் ஆக்கிவிடாது. பட்டினி போடுவதைத் தவிர்த்து, இனிப்புக் குளிர்பானத்தையும் பொட்டலத் தீனியையும் வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது, வீட்டிலுள்ள அனைவரும் ஒரே உணவை உண்பது ஆகிய இரண்டே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். மருந்தைப் பொறுத்தவரை, 2022இல் வெளியான ஓர் ஆய்வில் செமாகுளூடைடு ஊசி மருந்து, 68 வாரத்தில் பதின்பருவத்தினரின் பி.எம்.ஐ.யைச் சராசரியாக 16 விழுக்காடு குறைத்தது. எந்தப் பயிற்சியாலும் எட்ட முடியாத அளவு இது. கடுமையான பருமன் உள்ளவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் அதற்கு இடமுண்டு. ஆனால் எடையோடு சேர்த்துத் தசையும் ஓரளவு குறையக்கூடும் என்பதால், மருந்து எடுப்பவர்களுக்கு வலுவூட்டும் பயிற்சியின் தேவை இன்னும் கூடுகிறது.

தொடங்குமுன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பருத்த உடலுள்ள பிள்ளை இடுப்பிலோ முழங்காலிலோ வலி என்று சொல்லி நொண்டினால், அதைச் சோம்பல் என்று தள்ளாமல் உடனே எலும்பு மருத்துவரிடம் காட்டவேண்டும். தொடை எலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவும் கோளாறு இவ்வயதில் இவ்வாறே வெளிப்படும், முழங்கால் வலியாக மட்டும்கூடத் தோன்றும். உரத்த குறட்டையோ பகல்நேரத் தூக்கமோ, கழுத்துக் கறுப்போ, பயிற்சியின்போது நெஞ்சு வலியோ மயக்கமோ இருந்தாலும் மருத்துவப் பரிசோதனை முதலில் வரவேண்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு நீச்சலும் மிதிவண்டியும் ஓட்டத்தைவிட ஏற்றவை.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவை அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்கக்கூடிய ஒரே இடம் பள்ளிதான். அங்கே கால அட்டவணையில் அச்சிட்டிருக்கும் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்குவதும், பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அது அடியோடு மறைவதும், அமைச்சர்களே பொதுமேடைகளில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்கு வழக்கமாகிவிட்டன. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கும் பெற்றோர், கடந்த மாதம் எத்தனை பி.டி. பீரியட் உண்மையாகவே மைதானத்தில் நடந்தது என்றும் ஒருமுறை கேட்டுவைக்கட்டும்.